சரியான விடையை அழித்த பெண்

“சரியாப் போட்ட கணக்கையே அழிக்கறாளுங்கம்மா. இதுக்கு நான் என்ன பண்றது?”

கேட்டவன் குழந்தைவேலு. நூற்பாலையில் பொறியாளர் வேலை. யாரிடம் கேட்டானோ அவர், பவானி ஆற்றங்கரையில் சின்னதாக ஒரு மடம் நடத்தும் அமிர்தவல்லி அம்மையார். அவனைவிட வயதில் இளையவர்தான். பிரம்மம் என்றால் என்ன என்று கேட்டு வருகிறவர்களையே அவர் காய் நறுக்கச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிடுவார். பின்னக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவன் இவன் ஒருவன்தான்.

பாயில் ராகி காய்ந்துகொண்டிருந்தது. அம்மையார் அதில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“யாரு அழிக்கறது?”

“என் பொண்ணு நிறைமதி. அஞ்சாவது படிக்கறா. சாயங்காலம் வீட்டுல நான்தான் சொல்லித் தர்றேன்.”

“அடிப்பீங்களா?”

“ஐயோ, இல்லைங்கம்மா. சத்தம் போடறதுகூட இல்லை. பக்கத்துல உக்காந்து பாப்பேன். தப்பாப் போட்டா, ‘இது எப்படி வந்துச்சு கண்ணு’ன்னு கேப்பேன். அவ்வளவுதான்.”

“சரியாப் போட்டா?”

“சரியா இருந்தா என்ன கேக்கறது? அடுத்த கணக்குக்குப் போயிருவோம்.”

அம்மையார் ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டார்.

“நேத்து சரியாத்தான் போட்டிருந்தா. புரிஞ்சுதான் போட்டாளான்னு பாக்க, எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். உடனே ரப்பரை எடுத்து அழிச்சுட்டா. ஏன் அழிச்சேன்னா அழுகறா.”

“இன்னும் ஒண்ணுங்க” என்றான். “என் வண்டிச் சத்தம் கேட்டாலே வயிறு வலிக்குதுன்னு படுத்துக்கறாளாம். வீட்டுக்காரி சொல்றா. நான் வராம இருந்தாத் தேவலைன்னு என் புள்ள நினைக்குதுங்கம்மா.”

அதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கத் தெரியவில்லை.

அம்மையார் பாயைக் காட்டினார். “அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா எவ்வளவு? இதுல எழுதுங்க.”

இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. பரப்பிய ராகியின் மேல் விரலால் எழுதினான். ஆறில் ஐந்து.

அம்மையார் எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுதியதைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி எழுதியதைப் பார்த்தார்.

“இது எப்படி வந்துச்சு?” என்றார், மிகவும் அன்பாக.

குழந்தைவேலுவுக்குச் சுருக்கென்றது. மேல் எண்ணைப் பார்த்தான், கீழ் எண்ணைப் பார்த்தான். ஆறுதானே? ஆறுதான். இல்லையோ? அம்மா காரணம் இல்லாமலா கேட்பார்?

உள்ளங்கையால் பரபரவென்று தடவி அழித்தான். “இருங்க, இன்னொருக்காப் போடறேன்.”

அம்மையார் தன் இடத்துக்கே போய் மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தார்.

அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையில் ராகி ஒட்டியிருந்தது.

“நான் போட்டது சரிதானுங்களே?”

“எனக்கு எப்படித் தெரியும்? தெரியாமத்தான் உங்களைக் கேட்டேன்.”

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு குழப்பத்தோடு வந்தவன் இரண்டோடு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் மாலை திரும்பவும் வந்தான். முகம் முன்னைவிட மோசமாக இருந்தது.

“நேத்து அவளுக்கு அதே கணக்கைக் கொடுத்தேனுங்க. அஞ்சுல ரெண்டுன்னு எழுதினா. சுத்தமாத் தப்பு.”

“ம்.”

“எப்படி வந்துச்சுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துருச்சு. அதுக்குள்ள அவ கை ரப்பருக்குப் போயிருச்சு. இங்கே நான் அழிச்சது ஞாபகம் வந்துச்சு. ‘அழிக்காதே கண்ணு, நீ போட்ட வழி எனக்கு நெசமாவே தெரியல, சொல்லு’ன்னேன்.”

“சொன்னாளா?”

“எங்கே? என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா. நம்பிக்கை வரலை போல. அப்புறம் எந்திரிச்சுப் போய் ரெண்டு தட்டு கொண்டாந்தா. ஒண்ணுல ரெண்டு இட்லி, இன்னொண்ணுல மூணு இட்லி. முதல் தட்டுல ஒண்ணு தின்னா அது பாதி. அடுத்த தட்டுல ஒண்ணு தின்னா அது மூணுல ஒண்ணு. மொத்தம் இருந்தது அஞ்சு, தின்னது ரெண்டு. அப்போ அஞ்சுல ரெண்டுதானேப்பாங்கறா.”

அம்மையார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “சரியாத்தானே இருக்குது?”

“சரியாத்தான் இருக்குது. ஆனா தப்பு. எங்கே தப்புன்னு என்னால சொல்ல முடியலைங்கம்மா. மில்லுல எத்தனை மிஷினைப் பிரிச்சுப் பூட்டியிருக்கேன், இந்த ரெண்டு தட்டு என்னைக் கவுத்துருச்சு. அவ ஒண்ணைத் தின்னா, நான் ஒண்ணைத் தின்னேன். மறுபடி எண்ணினோம். மறுபடியும் அதேதான். ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். அஞ்சு இட்லியும் காலி, விடை வரலை.”

“கடைசி வரைக்குமா?”

“வரவே இல்லைங்க. காலையில நான் வேலைக்குக் கிளம்பறப்போ வாசல் வரைக்கும் ஓடி வந்தா. ‘அப்பா, ரெண்டு இட்லி வெச்ச தட்டும் மூணு இட்லி வெச்ச தட்டும் ஒண்ணா? எனக்கு என்னமோ அங்கேதான் இடிக்குது. சாயங்காலம் சீக்கிரம் வாங்க, பாக்கலாம்’னா.”

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான்.

“அவகிட்டப் போய் என்ன சொல்றதுன்னு தெரியலைங்கம்மா. அதான் மில்லுல இருந்து நேரா இங்கே வந்தேன்.”

அம்மையார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். வெயில் இறங்கிவிட்டிருந்தது.

“சாயங்காலம் ஆயிருச்சே” என்றார். “இன்னும் இங்கே என்ன பண்றீங்க?”