நாலெழுத்து மாப்பிள்ளை

கொட்டாவிப்பட்டிக்காரர்கள் யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்துவிடுவார்கள். அதனாலேயே அவர்களிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த மோகனசுந்தரம், பாவம், சொல்லிவிட்டான்.

ஊர் அச்சகத்தில் செண்பகவல்லியின் கல்யாணப் பத்திரிகை இருந்த பைல் கெட்டுப்போயிருந்தது. திறந்தால் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டியது. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. மோகனசுந்தரம் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி புரோகிராம் ஒன்றை எழுதி அனுப்பி, போனில் விளக்கினான்.

"பைலுக்குள்ள எழுத்தும் குப்பையும் கலந்து கெடக்கு. நாலு எழுத்தாவது சேர்ந்தாப்புல இருந்தா இது எடுத்துக் குடுக்கும். கம்மியா இருந்தா குப்பைன்னு தள்ளிடும்."

ஸ்கிரிப்ட் சமர்த்தாக வேலை செய்தது. மண்டபம் வந்தது, செண்பகவல்லி வந்தாள், சமையல்காரர் பெயர்கூட வந்தது. மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. அவர் பெயர் வேலு.

பெண்ணின் அப்பா ஆவுடையப்பன் இடிந்துபோய் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை குப்பைன்னு முன்னாடியே தெரியாமப் போச்சே!"

"பாத்தா நல்ல பையனாத்தான் தெரிஞ்சாரு," என்றார் அச்சகக்காரர் பேச்சிமுத்து.

"உள்ள எப்படின்னு மெசினுக்குத்தானே தெரியும்."

செண்பகவல்லிக்கு அழுகை பொங்கிவிட்டது. அவளுக்கு வேலுவை மனசாரப் பிடித்திருந்தது. "கட்டினா அவரைத்தான் கட்டுவேன். குப்பையா இருந்தாலும் என் குப்பை!"

ஊரே கூடி யோசித்தது. கடைசியில் பேச்சிமுத்துதான் வழி கண்டுபிடித்தார். "நாலெழுத்து சேர்ந்திருந்தா போதும்னுதானே சொன்னாரு? மாப்பிள்ளையோட தம்பி பேரு கோபு. ரெண்டு பேரையும் சேர்த்துருவோம்."

சேர்த்தார்கள். மணமேடையில் வேலுவையும் கோபுவையும் தாம்புக்கயிற்றால் இடுப்போடு இடுப்பாகக் கட்டி உட்காரவைத்திருந்தார்கள். ஐயர் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"அவுத்தா மாப்பிள்ளை செல்லாது, சாமி," என்றார் ஆவுடையப்பன்.

தாலி கட்டும் நேரத்தில் செண்பகவல்லி தலையை நிமிர்த்தினாள். "யப்பா, தாலி கட்டிட்டா அவரு பேரு என் பேரோட சேர்ந்துடும்ல? எழுத்துக்கு ஏது பஞ்சம்? கொழுந்தனை அவுத்து விடுங்க."

ஆவுடையப்பன் மகள் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினார். நாலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. சந்தோஷமாகத் தலையாட்டினார். கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, கயிறு அவிழ்ந்தது.

தனி ஆளாகிவிட்ட கோபு இடுப்பைத் தடவிக்கொண்டு நேரே பந்தியில் போய் உட்கார்ந்தான். நல்ல பசி. இலை போட்டுக்கொண்டு வந்த பேச்சிமுத்து இடது பக்கத்து ஆளுக்குப் போட்டார், வலது பக்கத்து ஆளுக்குப் போட்டார், நகர்ந்தார்.

"அண்ணே, எனக்கு?"

பேச்சிமுத்து சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஆவுடையப்பா, இங்க ஒரு எடம் காலியா கெடக்கு, யாரையாவது அனுப்பு!"