அங்காயியின் மூக்கு

"அம்மணி, இந்தத் தடவையும் மூக்கு வரலைங்க."

மருதாசலம் வெள்ளி நாணயத்தை நீட்டினார்.

பவளக்கொடி இடுப்பிலிருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். நேராகப் பார்க்கும் ஒரு பெண்ணின் முகம். கொண்டை வந்திருந்தது. காதுத் தோடு வந்திருந்தது. கழுத்துச் சுருக்கம்கூட வந்திருந்தது. நட்டநடுவில், மூக்கு இருக்கவேண்டிய இடம் மட்டும் மொழுக்கென்று கிடந்தது.

அது அங்காயியின் முகம். ஊருக்கு ஏரி வெட்ட இடம் போதாமல் தவித்தபோது, தனக்கிருந்த ஒரே கம்பங்காட்டை "எடுத்துக்கங்க" என்று கொடுத்தவள். ஏரி நிறைந்தது. அதன் நினைவாக வெள்ளியில் நாணயம் அடிக்க ஊரார் முடிவு செய்தார்கள். கடையில் கொடுத்து மாற்றுகிற காசு இல்லை. வீட்டில் வைத்துப் பார்க்கிற காசு. ஒரு பக்கம் அங்காயி, மறுபக்கம் ஏரி. முதல் நாணயம் அவள் கைக்கு.

மருதாசலம் கல்லில் சாமி செதுக்கிப் பேர் வாங்கியவர். தலை நரைத்த பிறகு நாணய அச்சு வெட்டப் படிக்க வந்தார். குரு பவளக்கொடிக்கு அவர் மகள் வயது.

காலையில் அங்காயியே பட்டறைக்கு வந்து, முன்பு அடித்த நாணயத்தைப் பார்த்திருந்தாள்.

"ஏனுங்ணா, எனக்கு மூக்கு இல்லைன்னு எவன் சொன்னான்? சளி புடிச்சா நான் சிந்தறது என்னத்தையாம்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வாசலைத் தாண்டும்போது சிரிப்பு இல்லை.

"காட்டைக் குடுத்துட்டேன். மூஞ்சியாவது முழுசாக் குடுங்க."

அதிலிருந்து மருதாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"வெள்ளி மட்டமோ என்னமோங்க."

பவளக்கொடி ஒரு வெள்ளி வில்லையை எடுத்துக் கல்லில் போட்டாள். கணீரென்றது.

"அப்ப சம்மட்டி அடிக்கிறவன் கை சரியில்லை."

"தோடு வரைக்கும் வந்திருக்கே அண்ணா. மூக்கு மேல மட்டும் அவனுக்கு என்ன கோபம்?"

"அச்சுல மூக்கை இன்னும் ஆழமா வெட்டட்டுங்களா?"

அச்சில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடாக எழும்பும். அதுதான் அந்தத் தொழில்.

"வெட்டிப் பாருங்க."

வெட்டினார். அடித்துப் பார்த்தார்கள். முன்னைவிட மொழுக்கென்று வந்தது.

மருதாசலம் உளியைக் கீழே வைத்தார்.

"நான் கல்லுக்கே போயிடறேன் அம்மணி. கல்லுன்னா, முகத்தைச் செதுக்கினா முகம் வரும். முதுகு சுவத்தைப் பார்த்துட்டு நிக்கும். அதை ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"போங்க. கொழுக்கட்டை தின்னுட்டுப் போங்க."

உள்ளே போய் வெந்த மாவோடு வந்தாள். குழந்தை கையை நீட்டியது. அவள் கொடுக்கவில்லை.

இரண்டு அச்சுகளையும் துடைத்தாள். எண்ணெய் தடவினாள். ஏரி அச்சைக் கீழே வைத்து, அதன்மேல் ஒரு சிறு உருண்டை மாவு, அதன்மேல் அங்காயி அச்சு. உள்ளங்கையால் ஓங்கி ஒரு அழுத்து.

எடுத்தாள். மாவிலும் மூக்கு இல்லை.

"மாவு பத்தலைங்க. இன்னும் கொஞ்சம் வெச்சா..."

"எடை ஊரார் சொன்ன எடைதான்."

"அப்ப மூக்கு எங்கதான் போச்சு?"

பவளக்கொடி மாவைத் திருப்பினாள்.

மறுபக்கம் ஏரி. ஏரியின் நட்டநடுவே, மூக்குக்கு நேர் பின்னால், ஒரு திட்டு, திட்டின்மேல் ஆலமரம். மருதாசலம் தன் வித்தை முழுவதையும் இறக்கி வெட்டிய மரம். விழுது விழுதாக, இலை இலையாக, கிளைக்குக் கிளை பறவையாக, புடைத்துக்கொண்டு நின்றது.

"அந்தா, மரத்துக்குள்ள போயிருக்கு" என்றாள்.

அடிமரத்தைக் கிள்ளிக் குழந்தை வாயில் போட்டாள்.

மருதாசலம் மீதி மரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "நல்ல மரமுங்க" என்றார்.

"ரொம்ப நல்ல மரம்."

"கொஞ்சமா குறைச்சுக்கலாமா?"

அவள் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏரி அச்சை நெருப்பில் காட்டி இளக்கினார். ஆறவிட்டுச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்த்தார். முதலில் பறவைகள் போயின. பிறகு இலைகள். விழுதுகள். அடிமரம் சுலபத்தில் போகவில்லை. கடைசியில் அதுவும் போயிற்று.

ஓரத்தில் கரையையும் கரையோரம் சில அலைகளையும் திரும்ப வெட்டினார். நடுவில் வெட்ட ஒன்றுமில்லை.

அச்சைத் திரும்பவும் காய்ச்சி உரமேற்றினார்கள். வெள்ளி வில்லையை வைத்தார்கள். சம்மட்டி விழுந்தது.

மூக்கு வந்தது. மூக்குத்தியோடு வந்தது.

பட்டறையே கூடிப் பார்த்தது. மருதாசலம் முகத்தை மட்டும்தான் காட்டினார். யாராவது திருப்பப் போனால் வாங்கி வைத்துக்கொண்டார்.

"பின்னாடி மொட்டையா இருக்குங்க" என்றார் குருவிடம். "கை வராதவன் வெட்டின மாதிரி. என் பேரைச் சொல்லிடாதீங்க."

"சரிங்ணா."

ஏரிக்கரையில் ஊர் கூடியிருந்தது. அங்காயி நாணயத்தை வாங்கினாள். தன் முகத்தைப் பார்த்தாள். மூக்கைத் தொட்டாள், நாணயத்தில் இருந்ததையும் தொட்டாள்.

"பரவால்ல, சளி புடிக்கலாம்" என்றாள். கரையே சிரித்தது.

பிறகு அவள் நாணயத்தைத் திருப்பினாள்.

மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்காயியின் கட்டைவிரல் கரையைத் தாண்டியது, அலைகளைத் தாண்டியது, ஒன்றுமில்லாத நடுவில் போய் நின்றது. அங்கேயே மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவள் பார்வை எதிரே கிடந்த தண்ணீருக்குப் போய்த் திரும்பியது.

"ஒரு மரம் கிடையாது, ஒரு பாறை கிடையாது" என்றாள். "கம்பு விதைச்சா ஒரே மட்டமா நிக்கும். ஏனுங்க அம்மணி, என் காட்டை யாருங்க இப்படி அச்சு அசலா வெட்டினது?"

பவளக்கொடி மருதாசலத்தைப் பார்த்தாள்.

அவர் எட்டி அங்காயியின் கையிலிருந்த நாணயத்தை வாங்கி, முதன்முதலாகப் பார்ப்பவர்போல அதன் பின்பக்கத்தைப் பார்த்தார்.