முதல் புகார்

ரயில்வே அதிகாரி ஆளவந்தார் மேசையைத் தட்டினார். "காலை பாசஞ்சர்ல எவன் போறான்? நாளையிலிருந்து நிறுத்தியாச்சு! ஒரே ஒரு புகார் வரட்டும், திரும்ப விடறேன்."

அலுவலகம் கூட்டுகிற பேச்சிக்கனி கேட்டாள். "யார் சொன்னாலும் சரிதானேங்கய்யா?"

"யார் சொன்னாலும்!"

மறுநாள் மணி பத்தரை. ஆளவந்தார் ஆடிப்போனார். நாற்காலி அத்தனையும் காலி. டைப்பிஸ்ட் இல்லை, டீ கொண்டுவர ஆளில்லை. உள்ளூர்க்காரி பேச்சிக்கனி மட்டும் நின்றாள்.

"என்னம்மா அநியாயம்! ஒருத்தரையும் காணோம்?"

"எல்லாரும் அந்த ரயில்லதாங்கய்யா வருவாங்க."

"இப்படி வேலை கெட்டா எப்படி? இதை யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

பேச்சிக்கனி புகார்ப் புத்தகத்தை விரித்து நீட்டினாள். "இதுல எழுதுங்கய்யா."

"நானா?"

அவள் அவரைப் போலவே மேசையைத் தட்டி, அவர் குரலிலேயே சொன்னாள். "யார் சொன்னாலும்!"

திறந்த வாய் மூடாமலே ஆளவந்தார் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பாசஞ்சர் கூவிக்கொண்டு வந்தது.