ஒரு சாண் ஆழத்துத் தண்ணி

தள்ளிப் படு மருமவளே, அந்தக் கால இங்கிட்டு நீட்டு. ஆங். அத்தை சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. இல்ல இல்ல, தப்பாச் சொல்லிட்டேன். அப்போ ஊரே இல்ல, பொண்ணுதான் இருந்தா. ஊரு அப்புறமாத்தான் வந்துச்சு. அது எப்படி வந்துச்சுங்கிறதுதான் கதை.

அந்தப் பொண்ணு பேரு நம்புத்தாய். பதினெட்டு வயசு. கைப்புள்ளையா இருக்கையிலேயே அம்மாவும் அப்பாவும் காய்ச்சல்ல போயிட்டாக. அவுக இருந்த மீன்புடிக் குடியிருப்புல மொத்தமே ஏழு வீடு. திங்கக்கெழம ஒரு வீட்டுல சோறு, செவ்வாக்கெழம அடுத்த வீட்டுல சோறு, இப்படி ஏழு வீடும் சேந்து அவள வளத்துச்சு. "நீ யாரு வீட்டுப் புள்ள?"ன்னு வெளியாளு யாராச்சும் கேட்டா, "இன்னைக்கு என்ன கெழம?"ன்னு திருப்பிக் கேப்பா.

சிரிக்கிறியா? சிரி சிரி.

அப்புறம் ஒரு மார்கழியில புயல் அடிச்சுச்சு. ஊஊஊன்னு காத்து, தடார் தடார்னு அலை. கடலு எந்திரிச்சு வீட்டுக்குள்ள வந்துருச்சு. ஆளுக எல்லாம் மேட்டுல ஏறித் தப்பிச்சுட்டாக. ஆனா எறங்கி வந்து பாத்தா, ஏழு வீட்டுல ஒரு வீடுகூட மிச்சமில்ல. வீடு நின்ன மண்ணே இல்ல, வெறும் தண்ணி கெடக்கு.

ம்... பயப்படாத. ஆளுக்கு ஒண்ணும் ஆகல.

அப்புறம் அவுக மிச்சம் மீதிய மூணு வல்லத்துல ஏத்துனாக. வலை, சட்டி பானை, நாலு கோழி, அம்புட்டுத்தான். கரையோரமாவே பாய் விரிச்சுப் போனாக. அப்போ நீட்டமா ஒரு மணல்திட்டு வந்துச்சு. ரெண்டு பக்கமும் கடலு. ஒரு பக்கம் அலையே இல்ல, வல்லத்தக் கட்டுனா தூங்குற மாதிரி நிக்கும். மீனு தொளக் தொளக்குன்னு துள்ளுது. எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு. ஆனா ஒண்ணு மட்டும் இல்ல. என்ன இல்ல, சொல்லு பாப்போம்?

ஆங், தண்ணி. நல்ல தண்ணி இல்ல.

தாழம்புதர்கிட்ட ஆம்பளைக மம்பட்டி போட்டு வெட்டுனாக, சக் சக் சக்குன்னு. கழுத்தளவு வெட்டி, வாயில வச்சுப் பாத்தா, த்தூ! உப்பு. தள்ளிப் போய் வெட்டுனாக. அதுவும் உப்பு. தெனமும் வல்லத்துல போய்த் தூரத்து ஊர்லேருந்து குடத்துல கொண்டாந்தாக. அந்த ஊர்க்காரவுக நல்லவுகதான், தண்ணி இல்லன்னு சொல்லல. ஆனா எதிர்காத்து புடிச்சுக்கிட்டா, போன வல்லம் மறுநாளுதான் திரும்பும். அப்போ ராக்காயி மதினியோட கைப்புள்ளைக்கு உதடு காஞ்சு வெடிச்சுப்போச்சு. அழுகக்கூடச் சத்தில்ல, ஞீ ஞீங்குது.

ஏழு வீட்டுக்கும் பெரியவரு வழிவிட்டான் ஐயா. எழுபது வயசு. அவரு ஒரு காலையில எல்லாரையும் கூப்புட்டு உக்கார வச்சாரு.

"இன்னும் மூணு நாளு பாப்போம்"னாரு. "தண்ணி கெடைக்கலன்னா அவுகவுக சொந்தக்காரவுக ஊருக்குப் போயிருங்க. புள்ளைகளக் காய விட்டு நாம ஒண்ணா இருந்து என்ன செய்ய?"

நம்புத்தாய் மெதுவாக் கேட்டா, "எனக்குச் சொந்தக்காரவுக எந்த ஊருல ஐயா?"

அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

ம்னு சொல்லு. ஆங்.

அவ எந்திரிச்சுப் போய் மணல்ல தனியா உக்காந்துட்டா. அழுதா, மூக்கச் சிந்துனா. அப்போ தூரத்துல ஒரு பொட்டக்கழுத போச்சு, பின்னாலேயே அதோட குட்டி. ரெண்டும் ஆளில்லாக் கழுதைக, அந்தத் திட்டுலேயே திரியிறதுக. எல்லாரும் தெனமும் பாக்குறதுதான். அன்னைக்கு அவ கண்ணுல ஒண்ணு பட்டுச்சு. தாய்க்கழுத மூக்குல ஈர மணல் ஒட்டியிருந்துச்சு.

"ஏ மதினி!"ன்னு ஓடுனா. "அந்தக் கழுத என்னத்தக் குடிக்குது?"

ராக்காயி புள்ளயத் தோளுல போட்டுத் தட்டிக்கிட்டே, "அதுக்குத்தான் இப்போக் கொறச்சல். போடி அங்கிட்டு"ன்னா.

"இல்ல மதினி. கழுதயும் உப்புத்தண்ணி குடிக்காது. குட்டிக்குப் பாலு வேற குடுக்குது. எங்கேயோ குடிக்குது!"

அப்புறம் அவ கழுத பின்னாலேயே போனா. கிட்டத்துல, வால் ஒட்டிப் போனா. கழுத ஒரு பார்வ பாத்துச்சு. பின்னங்கால தூக்கி, படீர்! மணல் பூரா இவ மூஞ்சியில. கழுத ஓடிப்போச்சு. ஒரு நாளு போச்சு.

மறுநாளு தாழம்புதருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா. முள்ளு கையக் கிழிக்குது, அசையல. கழுத வந்துச்சு. நின்னு, தலையத் தாழ்த்தி, மணல மோந்து பாத்துச்சு. இந்தா தோண்டப் போவுதுங்கையில, தாழம்பூ வாசம் மூக்குல ஏறி, அச்ச்சூ! டக் டக் டக் டக்குன்னு ஓடியே போச்சு. ரெண்டாம் நாளும் போச்சு.

ம்... தும்மாம இருந்திருக்கலாமுல்ல? என்ன செய்ய.

மூணாம் நாளு விடிஞ்சுது. அங்கிட்டு ஆளுக வல்லத்துல சாமான ஏத்த ஆரம்பிச்சுட்டாக. சட்டி மேல சட்டி, கடங் கடங். அந்தச் சத்தம் இவ காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. அன்னைக்கு அவ ஒளியல, தொரத்தல. நடு மணல்ல போய், கழுதைக்கு முதுகக் காட்டி உக்காந்துட்டா. "உனக்குத் தாகமெடுத்தா நீ குடி தாயி. நான் பாக்கல"ன்னு சொல்லிட்டுச் சும்மா இருந்தா. வெயிலு ஏறுது. கண்ணு சொருகுது. திரும்பல.

அப்போ, பின்னால, சரக்... சரக்... சரக்.

மெள்ளத் தலையத் திருப்புனா. தாய்க்கழுத முன்னங்கால மாத்தி மாத்திப் போட்டு மணலப் பறிக்குது. ஆழமெல்லாம் இல்ல மருமவளே. இந்தா, என் கைய விரிச்சா ஒரு சாணு, அவ்வளவுதான். குழியில சுரசுரன்னு தண்ணி ஊறுச்சு. மொதல்ல குட்டி குடிச்சுச்சு, சளப் சளப். அப்புறம் தாயி குடிச்சுச்சு. ரெண்டும் போனதுக்கப்புறம் இவ தவழ்ந்து போய், உள்ளங்கையில அள்ளி வாயில வச்சா.

இனிப்பு! எளநி மாதிரி.

"ஐயா! ஐயாவோ! ஏத்தாதீக, எறக்குங்க!" எப்படி ஓடியிருப்பா பாத்துக்க. ஆம்பளைக மம்பட்டியோட ஓடியாந்தாக. குடிச்சுப் பாத்தாக, குதிச்சாக. "ஒரு சாணுலயே இம்புட்டுன்னா, ஆளு ஆழத்துக்குப் போனா ஆறே ஓடும்டா!"ன்னு வெட்ட ஆரம்பிச்சாக. சக் சக் சக்.

"போதும்ணே. கழுத இம்புட்டுத்தான் தோண்டுச்சு"ன்னு இவ சொல்றா.

"கழுதைக்கு என்னத்தா தெரியும்?"

முழங்கால் ஆழம் போச்சு, இடுப்பு ஆழம் போச்சு. தண்ணி பொங்குது. ராக்காயி ஒரு தேங்காச் செரட்டையில மோந்து புள்ள வாயில வச்சா. புள்ள மூஞ்சியச் சுளிச்சு, வீல்னு கத்துச்சு. உப்பு.

மம்பட்டி அப்படியே நின்னுபோச்சு. ராக்காயி மணல்லயே உக்காந்து, "பொய்க் கழுத, பொய்த் தண்ணி"ன்னு அழுகுறா.

நம்புத்தாய்க்கு மட்டும் மனசு கேக்கல. இப்பத்தான குடிச்சோம், நாக்குல இன்னும் இனிக்குதே! ராக்காயி கையிலிருந்த செரட்டைய வாங்குனா. இருபது எட்டு தள்ளிப் போய் மண்டி போட்டா. மம்பட்டி இல்ல, வெறும் செரட்டை. சொரண்டுனா, சொரண்டுனா, ஒரு சாணு வந்ததும் நிறுத்திட்டா. காத்திருந்தா. சுரசுரன்னு ஊறுச்சு. தொட்டு நாக்குல வச்சா. எந்திரிச்சுப் போய், ராக்காயி மடியில கெடந்த புள்ள வாயில சொட்டுச் சொட்டா விட்டா. புள்ள சப்புக் கொட்டுச்சு. இன்னும் குடுங்குற மாதிரி செரட்டையப் புடிச்சு இழுத்துச்சு.

"ஐயா, மழத்தண்ணி மேலாப்புல நிக்குது"ன்னா. "கடத்தண்ணி அதுக்குக் கீழ இருக்கு. நாம அவசரப்பட்டு வெட்டுனா ரெண்டும் கலந்துபோவுது."

வழிவிட்டான் ஐயா எந்திரிச்சாரு. அந்தப் பெரிய குழியத் தன் கையாலேயே மணலத் தள்ளி மூடுனாரு. அப்புறம் சொன்னாரு, "இனிமே இங்க மம்பட்டி வரக்கூடாது. செரட்டைதான். ஒரு கொடம் மோந்தா, ஊறுற வரைக்கும் உக்காந்திருக்கணும். பொறுமை இருக்கவுக இருங்க." சொல்லிட்டு வல்லத்துக்குப் போயி, மொதச் சட்டிய அவரே எறக்குனாரு. ஏழு வீட்டுல ஒரு வீடும் கெளம்பல.

தூங்கிட்டியா? ம்... முழிச்சுத்தான் இருக்கியா. இன்னும் கொஞ்சந்தான்.

இப்படித்தான் அந்த ஊரு வந்துச்சு. ஏழு குடிசை பதினஞ்சாச்சு, அப்புறம் முப்பதாச்சு. அந்த ஊர்க்காரவுக கொணமே தனி. எதுக்கும் அவசரப்பட மாட்டாக. பொம்பளைக ஊத்தச் சுத்தி உக்காந்து செரட்ட செரட்டயா மோந்து ஊத்துவாக. காலையில சண்ட போட்ட ரெண்டு பேரும் சாயங்காலம் அங்கதான் எதிரெதிர உக்காரணும். தண்ணி ஊறுற வரைக்கும் எம்புட்டு நேரந்தான் மொறைச்சுக்கிட்டு இருக்குறது? யாராச்சும் ஒருத்தி சிரிச்சுருவா.

அப்புறம் ரொம்ப வருசம் கழிச்சு, உள்நாட்டுலேருந்து பஞ்சவர்ணம்னு ஒரு பொண்ணு அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தா. வயக்காட்டு ஊரு அவளுக்கு. வாளிய விட்டா தண்ணி, அப்படி வளந்தவ. கல்யாணம் முடிஞ்ச மறுநாளு கொடத்தத் தூக்கிக்கிட்டு ஊத்துக்கு வந்தா. செரட்டையில கால் செரட்டதான் வருது. மோந்தா, நின்னா, மறுபடி மோந்தா. கண்ணுல கண்ணீரு முட்டிக்கிட்டு வந்துருச்சு. "எங்க ஊருல இப்படியெல்லாம் இல்ல"ன்னு கொடத்தக் கவுத்துட்டா. உசுரு போனாலும் பொறந்த வீட்டுக்குப் போயிரணும்போல இருந்துச்சு அவளுக்கு.

யாரும் திட்டல. ஒரு அம்மா தள்ளி உக்காந்து எடம் விட்டுச்சு.

"உக்காரு ஆத்தா. உன் பேரு என்ன?"

சொன்னா.

"ஊருல யாரு யாரு இருக்காக?"

அம்மா இருக்கு, ரெண்டு தம்பி, ஒரு செவலப் பசுன்னு சொன்னா. பசுவுக்குப் பேரு என்னன்னு கேட்டாக. அதையும் சொன்னா. அதுக்கு ஒருத்தி என்னமோ சொன்னா, எல்லாரும் சிரிச்சாக. அப்போ கவுத்த கொடத்த யாரோ நிமித்தி வச்சாக. இவளும் மோந்து ஊத்துறா, பேசுறா, ஊத்துறா, பேசுறா. குனிஞ்சு பாத்தா, கொடம் தளும்புது.

அதத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு அவ போகல மருமவளே. பக்கத்துக் கொடம் நெறையட்டும்னு உக்காந்திருந்தா.

கதைய இத்தோட கரையில கட்டியாச்சு. ம்... ம் வரல. சரி, நல்லாத் தூங்கு.