பாறையை விடாத சாமந்தி

மாதுளை என்ற கோமாளி மீனும் அவள் கணவன் மஞ்சாடியும் ஒரு கடல் சாமந்தியின் மடியில் குடியிருந்தார்கள். கடல் சாமந்தி பார்ப்பதற்குத்தான் பூ. உண்மையில் அதுவும் ஒரு பிராணி. அதற்கு ஒரே ஒரு கால். அந்தக் காலால் பாறையைக் கவ்விக்கொண்டு, நூறு விரல்களை நீரில் விரித்து ஆட்டிக்கொண்டிருக்கும். விரல் பட்டால் மற்ற மீன்களுக்கு உடம்பு எரியும். கோமாளி மீன்களை மட்டும் அது ஒன்றும் செய்யாது.

இவர்கள் இருந்தது கடலில் அல்ல. தூத்துக்குடியில் ஜெசிந்தா டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் மணல், பாறை, பவளம் எல்லாம் உண்டு. மூலையில் ஒரு பம்பு. அது ஒரு பக்கம் தண்ணீரை உறிஞ்சி மறு பக்கம் பீய்ச்சும். அதனால்தான் தொட்டிக்குள் நீரோட்டம் இருந்தது.

தட்டைப் பாறை ஒன்றின் மேல், சாமந்தியின் காலுக்குப் பக்கத்திலேயே மாதுளை முட்டையிட்டிருந்தாள். முன்னூறு முட்டைகளாவது இருக்கும். சாமந்தியின் விரல்கள் அவற்றின் மேல் கூரை போலக் கவிந்திருந்தன. வாலால் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பது மஞ்சாடியின் வேலை.

ஒரு வியாழக்கிழமை காலை மஞ்சாடி கண் விழித்தபோது கூரையைக் காணோம்.

சாமந்தி நடந்து போயிருந்தாள். மெல்ல மெல்ல, யாருக்கும் தெரியாமல், பம்புக்கு நேர் கீழே இருந்த மூலைப் பாறையில் ஏறி, அதன் வெடிப்புக்குள் காலைப் பதித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நீண்ட விரல்கள் பம்பு தண்ணீர் உறிஞ்சும் வாய்க்கு ஒரு சாண் கீழே ஆடிக்கொண்டிருந்தன.

மாதுளை பதறிப்போய் அங்கே ஓடினாள். ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டாள்.

"அங்கே தண்ணி அசையவே இல்ல, மாதுளை. மூச்சு முட்டுது. இங்கேதான் கொஞ்சம் ஓட்டம் இருக்கு" என்றாள் சாமந்தி.

அவள் சொன்னதும் உண்மைதான். பம்புக்குள் பாசி அடைத்துக்கொண்டு பல நாளாகிவிட்டது. அது உயிரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் அத்தனை பக்கத்தில் நின்றும் சாமந்திக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று பகலில் ஜெசிந்தா டீச்சர் ஒரு மஞ்சள் வாளியைக் கொண்டுவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, அதில் உப்பைக் கொட்டிக் கலக்கினார். அதைப் பார்த்ததும் தொட்டியில் எல்லாரும் மூலைப் பாறையைத் திரும்பிப் பார்த்தார்கள். வாளி வந்தால் இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் மாற்றுவார். அன்றைக்கே பம்பைக் கழற்றிக் கழுவி மாட்டுவார். கழுவிய பம்பு அசுர வேகத்தில் இழுக்கும்.

தொட்டியில் கடுக்கன் என்று ஒரு நண்டு இருந்தான். பெரிய கொடுக்குக்காரன். போன வருஷம் நடந்ததைப் பார்த்தவர்களில் அவன் ஒருவன்தான் இப்போது மிச்சம். அன்று ஒரு கடல் அட்டை ஊர்ந்து போய்ப் பம்பின் உறிஞ்சும் வாயில் மாட்டிக்கொண்டது. அரைபட்டு, அதன் விஷம் பால் போலத் தொட்டி முழுக்கப் பரவியது. சாயங்காலத்துக்குள் ஐந்து மீன்கள் செத்து மிதந்தன. சாமந்தி அதைவிடப் பெரியவள், அவள் போனால் இந்தத் தொட்டியில் ஒருவரும் மிஞ்ச மாட்டோம் என்றான் கடுக்கன்.

மாதுளை திரும்பவும் சாமந்தியிடம் போய்க் கெஞ்சினாள். பிறகு கோபித்தாள். பிறகு அழுதாள். சாமந்திக்கு எதுவும் புரியவில்லை. இந்த இடம் நன்றாக இருக்கிறதே, நான் எதற்கு வர வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

இதற்குள் ஊசிவாயன் என்ற மீன் தட்டைப் பாறையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். சாமந்தி இருந்தவரை அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது முட்டைகளையே பார்த்துக்கொண்டு, போவதும் வருவதுமாக இருந்தான். மஞ்சாடி விரட்டி விரட்டிக் களைத்துப்போனான்.

"பேசிப் பிரயோஜனமில்ல. காலைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தா வந்துட்டுப் போறா" என்றான் கடுக்கன். அவன் ஓடு தடிமன். சாமந்தியின் விஷம் அவனுக்கு ஏறாது.

கால் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று மஞ்சாடி தூரத்திலிருந்தே கேட்டான்.

மாதுளைக்கு யோசிக்கப் பொறுமை இல்லை. ஒரு பக்கம் பம்பு, ஒரு பக்கம் ஊசிவாயன். "பம்புக்குள்ள போனா மொத்தமா கிழிஞ்சு போவா. இழுங்க அண்ணே" என்றாள்.

கடுக்கன் வெடிப்புக்குள் கொடுக்கை விட்டு, சாமந்தியின் கால் விளிம்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. பின்னங்கால்களை மணலில் ஊன்றிக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தான். அப்போது மெல்லிய துணி கிழிவது போல ஏதோ கிழிந்தது.

சாமந்தி அலறக்கூட இல்லை. விரல்கள் அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொண்டு கைப்பிடி உருண்டையாகச் சுருங்கினாள். அவள் கால் வெடிப்புக்குள் முன்பு இருந்ததைவிட ஆழமாகப் புதைந்தது. அவள் உடம்பிலிருந்து கோழை கிளம்பி நீரில் கலந்தது. பவளங்கள் வாயை மூடிக்கொண்டன. எல்லா மீன்களும் கண் எரிச்சலோடு மேலே ஓடின.

மாதுளை பயந்துபோய் அவளைத் தொட வந்தாள். சாமந்தி ஒரே ஒரு விரலை நீட்டினாள். அது மாதுளையின் கன்னத்தைச் சுட்டது. அதுவரை அவள் மாதுளையைச் சுட்டதே இல்லை.

அதற்குப் பிறகு மாதுளை எதுவும் தின்னவில்லை. வெள்ளிக்கிழமை காலை டீச்சர் தூவிய இரை அவள் முன்னால் விழுந்து மணலுக்குப் போயிற்று. மூலைப் பாறைக்கு எதிரே, கிட்டப் போகவும் முடியாமல், விலகிப் போகவும் முடியாமல் அவள் மிதந்துகொண்டிருந்தாள். நாளை இந்நேரம் என்ன ஆகும் என்ற ஒரே நினைப்புதான்.

பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று அவள் கண்ணில் பட்டது. கடுக்கன் மணலில் ஊர்ந்து கிட்ட வரும்போதெல்லாம் சாமந்தியின் கால் பாறையோடு இறுகியது. அவன் தூரப் போனதும் விளிம்பு கொஞ்சம் தளர்ந்தது. திரும்ப வந்தான், இறுகியது. போனான், தளர்ந்தது.

இவள் பிடிவாதத்தில் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, பயத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று மாதுளைக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் கடுக்கனைத் தள்ளிப் போகச் சொன்னாள். பிறகு சாமந்திக்குக் கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டு பேசினாள்.

"நான்தான் இழுக்கச் சொன்னேன். தப்பு என்னுது. இனிமே உன்னை யாரும் தொட மாட்டாங்க. ஆனா நீ இங்கே இருந்தா நாளைக்குச் செத்துப் போவே. அதனால இந்த இடம் உனக்குப் பிடிக்காம போற மாதிரி செய்யப் போறோம். உனக்கா எப்போ தோணுதோ அப்போ காலை விடு."



சாமந்திக்கு வெளிச்சம் வேண்டும் என்பது மாதுளைக்குத் தெரியும். கடுக்கன் போய், தொட்டியின் மறு கோடியில் வளர்ந்திருந்த பாசிக்கொத்துகளை வெட்டி இழுத்து வந்தான். மூலைப் பாறையின் உச்சியில் அவற்றைச் செருகி வைத்தான். சாமந்தியின் மேல் நிழல் விழுந்தது. விரல்களில் ஓட்டம் பட்டால் சாமந்திக்குச் சுகம், காலடியில் பட்டால் கூச்சம். அதனால் மாதுளை வெடிப்புக்குப் பக்கத்தில் நின்று, அவள் கால் விளிம்பை நோக்கி வாலால் விசிறினாள். விளிம்பு லேசாகத் துடித்தது. ஆனால் ஒரு வால் போதவில்லை. மஞ்சாடியும் வர வேண்டும்.

மஞ்சாடி வந்துவிட்டால் முட்டைகளுக்கு யார் காவல்?

"நான் நிக்கிறேன்" என்றான் கடுக்கன்.

மஞ்சாடிக்கு இஷ்டமே இல்லை. நேற்று ஒரு காலைக் கிழித்தவனை நம்பி எப்படிப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது? நண்டுக்கும் முட்டை பிடிக்குமே? அவன் மாதுளையைப் பார்த்தான். அவளுக்கும் அதே பயம்தான். ஆனாலும் முட்டைகள் பொரிப்பதற்குத் தொட்டி பிழைத்திருக்க வேண்டும் அல்லவா? அவள் தலையசைத்தாள். கடுக்கன் கொடுக்குகளை உயர்த்திக்கொண்டு தட்டைப் பாறையின் மேல் உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து இருவரும் விசிறினார்கள். வேகமாக விசிறினால் சாமந்தி சுருங்கினாள். அதனால் மெதுவாகவே விசிறினார்கள். தொட்டியின் விளக்கு அணைந்த பிறகும் மாறி மாறி விசிறினார்கள். விடியும்போது காலின் ஒரு பக்கம் பாறையை விட்டு எழும்பியிருந்தது. மறு பக்கம், அதாவது கிழிந்த பக்கம், வெடிப்புக்குள்ளேயே இருந்தது.

சனிக்கிழமை காலை டீச்சர் கையில் பிரஷ்ஷோடு வந்தார். சுவரில் ஸ்விட்சை அணைத்தார். பம்பு நின்றது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

தண்ணீர் அசைவற்று நின்றது. அடுப்படியில் குழாய்ச் சத்தம் கேட்டது. மஞ்சாடி அவசரத்தில் சாமந்தியை முட்டித் தள்ளப் போனான். மாதுளை குறுக்கே புகுந்து அவனைத் தடுத்தாள். "வேணாம். சொன்ன வார்த்தையை மீறக் கூடாது" என்றாள். குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது.

கால் கிழிந்த பிறகு அப்போதுதான் சாமந்தி முதன்முறையாக வாய் திறந்தாள்.

"மாதுளை, நான் விடுறேன். என்னைப் பிடிச்சுக்குவியா?"

"பிடிக்க மாட்டேன். பக்கத்துலயே வருவேன்."

கிழிந்த பக்கம் வெடிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சாமந்தி மிதந்தாள். கயிறறுந்த பலூன் போலத் தள்ளாடினாள். மாதுளை ஒரு பக்கமும் மஞ்சாடி மறு பக்கமும் நீந்தி, அவள் சாயும் பக்கம் மட்டும் உடம்பை அண்டக் கொடுத்தார்கள். அப்படியே தட்டைப் பாறை வரைக்கும் கூட்டி வந்தார்கள். கடுக்கன் சத்தமில்லாமல் விலகி வழி விட்டான்.

கால் பாறையைத் தொட்டது. நல்ல பக்கம் ஒட்டியது. கிழிந்த பக்கம் ஒட்டவில்லை.

டீச்சர் வந்து பம்பை மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார்.

பல நாள் கழித்துத் தொட்டிக்குள் நீரோட்டம் சீறி வந்தது. மூலைப் பாறையின் உச்சியில் இருந்த பாசிக்கொத்து ஒரு நொடியில் பம்பின் வாய்க்குப் பறந்து போய் அப்பிக்கொண்டது. சாமந்தி காற்றில் குடை சாய்வது போலச் சாய்ந்தாள். மாதுளை அவள் பின்னால் போய், தன் முதுகைக் கொடுத்து நின்றாள். விரல்கள் மேலே பட்டன, எரிந்தது, அவள் நகரவில்லை. நீரோட்டம் தட்டைப் பாறை வரைக்கும் வருவதைச் சாமந்தி தன் உடம்பில் உணர்ந்தாள். மெல்லக் காலை விரித்தாள். கிழிந்த பக்கமும் பாறையைக் கவ்வியது.

டீச்சர் பம்பின் வாயில் அடைத்த பாசியைப் பிடுங்கி எறிந்தார். இது எப்படி இங்கே வந்தது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை ஊசிவாயன் தின்றுவிட்டான், அத்தனை தூரம் என் கொடுக்கு எட்டவில்லை என்று கடுக்கன் தலைகுனிந்து சொன்னான். மஞ்சாடி அவன் பக்கத்தில் வந்து நின்றான். மிச்ச முட்டைகளை விசிற ஆரம்பித்தான். அவற்றுக்குள் சின்னச் சின்னக் கண்கள் வெள்ளியாக மின்னின.

சாமந்தி இரண்டு நாள் முழுசாக விரியவில்லை. மாதுளை உள்ளே போக அவசரப்படவில்லை. மணலில், வெளியே, காத்திருந்தாள்.

பயந்து இறுகப் பிடித்திருப்பவரை இழுத்தால் இன்னும் இறுகுவார். பயம் நீங்கினால் தாமாகவே விட்டுவிடுவார்.