தலை போன வாகை மரங்கள்

வேங்கைமலையை ஆண்ட கீர்த்திராயருக்கு மரங்கள் மேல் கொள்ளைப் பிரியம். முடிசூடிப் பன்னிரண்டு வருஷமாகத் தன் காட்டுக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒருநாள் அமைச்சர் மெய்ஞ்ஞானர் வற்புறுத்தி அழைத்துப் போனார். அரசவையின் வாய்த்துடுக்குக்காரர் செண்பகராமரும் கூடப் போனார். அமைச்சருக்குக் காட்டின் மேல் திடீரென்று என்ன அக்கறை என்று அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

காட்டுக்குள் போனதும் புரிந்தது. முந்நூறு வருஷத்து வாகை மரங்கள். ஒவ்வொன்றும் நாலு பேர் கைகோத்தாலும் அடங்காத பருமன். மேலே மட்டும் ஒரு கிளையும் இல்லை, ஓர் இலையும் இல்லை. மொட்டை.

"யார் செய்த கொலை இது?" அரசர் அலறினார்.

"காட்டுக் காவலன் மாசிலான்தான், அரசே" என்று அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன மாதம் தன் புது மாளிகைக்கு இதே மரங்களில் நாற்பதை வேரோடு கேட்டவர் அவர். மாசிலான் மறுத்துவிட்டான். அது செண்பகராமருக்குத் தெரியும்.

மாசிலானை இழுத்து வந்தார்கள். அவன் வாய் திறக்கும் முன்பே அரசர் கத்தினார்: "மரத்தை வெட்டியது போலவே இவனையும் வெட்டுங்கள்!"

"அணுவளவும் மாறக் கூடாது" என்றார் அமைச்சர்.

"ஆமாம், அணுவளவும் மாறக் கூடாது!"

வீரன் வாளை உருவினான். செண்பகராமர் மரத்தைப் பார்த்தார், மாசிலானைப் பார்த்தார், மறுபடியும் மரத்தைப் பார்த்தார்.

"பொறு!" என்றார். "மரம் தரையிலிருந்து எத்தனை முழத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது? அளந்து சொல்."

வீரன் ஈட்டியால் அளந்தான். "ஐந்து முழம், ஐயா."

"அரசர் ஆணை அணுவளவும் மாறக் கூடாது. ஐந்து முழ உயரத்தில் வீசு!"

வாள் விர்ரென்று சுழன்றது. மாசிலான் மொத்தமே நாலு முழம் இல்லை. தலைக்கு மேலே காற்று போனதுதான் மிச்சம்.

அரசருக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு கேட்டார்: "ஏனடா அவ்வளவு உயரத்தில் வெட்டினாய்?"

"கீழே வெட்டினா துளிரை ஆடு மேஞ்சிடும், மகாராசா. அந்த உயரம் ஆட்டுக்கு எட்டாது. வெட்டுற கிளை ஊர்க் குடிசைகளுக்குக் கழியாகும். மரமும் சாயாம நிக்கும். அதோ, அதெல்லாம் முந்தின வருசம் வெட்டினது."

அவன் காட்டிய பக்கம் வாகைகள் கொத்துக் கொத்தாய்க் கிளைத்துப் பச்சைக் குடை பிடித்து நின்றன. அரசர் தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலான் கழுத்தில் போட்டார்.

அமைச்சர் விடவில்லை. "அரசே, அவை வெட்டப்படாத மரங்களாகவும் இருக்கலாமே! வெட்டினால் துளிர்க்கும் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

செண்பகராமர் பணிவோடு கைகட்டினார். "சந்தேகம் நியாயமானதுதான், அரசே. அமைச்சருடைய பதவியை வெட்டிப் பார்ப்போம். ஒரு வருஷத்தில் துளிர்க்கிறதா, தெரிந்துவிடும்."