எல்லாம் சரி!

ஒரு காட்டில், விடாத மழைக்குப் பயந்த விலங்குகள் ஒரு வளைந்த குகைக்குள் குடியேறின. அதன் அடிக்கோடியில் பாறை வெடிப்பு ஒன்று இருந்தது. ஆறு பெருகினால் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். வாசலில் குளிர்காற்று அடித்ததால், முயல் தன் குட்டிகளை அந்த அடிக்கோடியில்தான் வைத்திருந்தது. அவற்றுக்கு இன்னும் நடக்கத் தெரியாது.

குரங்கு தன்னைத் தானே காவல் தலைவனாக்கிக்கொண்டது. வெடிப்பருகே பல்லி, நடுவளைவில் அணில், வாசலருகே மயில் என்று ஆளுக்கோர் இடம் கொடுத்தது.

"எல்லாரும் விடாம 'எல்லாம் சரி'ன்னு கத்தணும். என் காதுல விழுந்துகிட்டே இருக்கணும்!"

"அண்ணே, பல்லிக்கு இருக்கிறதே துளியூண்டு தொண்டை," என்றது அணில். "தண்ணி வந்தா மட்டும் அது எனக்குச் சொல்லட்டும். நான் மயிலுக்குச் சொல்றேன். மயில் அகவினா காட்டுக்கே கேட்கும்."

"வேலை செய்ய உடம்பு வளையலையா? கத்து!"

மூன்றும் கத்தின. மழையும் விடவில்லை, அவையும் விடவில்லை. பல்லிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மயில் களைத்துத் தூங்கிப்போனது. வாசலில் உட்கார்ந்திருந்த குரங்குக்கு மட்டும், அணிலின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்ததில் ஏக சந்தோஷம். காவல் இருக்கிற தைரியத்தில் முயலும் வாசலுக்கு வெளியே மேயப் போனது.

அப்போதுதான் வெடிப்பில் தண்ணீர் கசிந்தது.

"தண்ணி! தண்ணி!" என்றது பல்லி. வெறும் காற்றுதான் வந்தது. அணில் போட்ட 'எல்லாம் சரி'யில் அதுவும் அமுங்கிப்போனது. குட்டிகளின் வயிறு நனைந்தது. அவை நடுங்கின.

பல்லி சுவரேறி ஓடியது. அணிலின் காலடியில் தன் வாலை உதறிப் போட்டது. வால் துள்ளித் துடித்தது.

"எல்லாம் ச..." கத்திக்கொண்டிருந்த அணில் குனிந்து பார்த்தது. ஆபத்து இல்லாமல் பல்லி வாலை விடுமா? அணில் பாய்ந்தோடி மயிலின் இறகைப் பிடித்து இழுத்தது. மயில் பதறி விழித்து அகவியது.

"யாருடா அது, சொன்னதை மாத்திக் கத்துறது?" என்று குரங்கு சீறியது.

"வழியை விடுங்க!" அகவல் கேட்டு ஓடிவந்த முயல் குரங்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி மேட்டில் சேர்த்தது. கடைசிக் குட்டியைத் தூக்கும்போது தண்ணீர் அதன் மூக்கைத் தொட்டுவிட்டது. நல்லவேளை, மூச்சு இருந்தது.

வெள்ளம் வடிந்ததும், பல்லி மொட்டை வாலோடு பழைய இடத்துக்கே காவலுக்குப் போனது. இப்போது யாரும் கத்தவில்லை.

"ஏன் ஒரு சத்தத்தையும் காணோம்? எனக்குப் பயமா இருக்கே!" என்றது குரங்கு.

முயல் குட்டியை நக்கிக்கொண்டே சொன்னது: "சத்தம் இல்லேன்னா எல்லாம் சரின்னு அர்த்தம், அண்ணே. பேசாம உட்காருங்க."

நீதி: ஓயாமல் கத்த வைத்தால், உண்மையான ஆபத்தைச் சொல்லக் குரல் மிஞ்சாது.